உள்ளுக்குள் குருதிப்பெருக்கு

“காய்ச்சல் எண்டா விடமாட்டான், சேர். நெஞ்சுநோ எண்டாலும் விடமாட்டான். ஹெமரேஜ் எண்டு சொல்லணும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இண்டைக்குத் தோணி கரையேறும்,” என்றான் தோணிக்காரன் சாமித்தம்பி.

வாவியின் மேற்குக் கரையில் நின்று இந்த அறிவுரையைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நல்லரத்தினம். அவருக்கு அந்தச் சொல்லின்மேல் தீராத கோபம் ஒன்று இருந்தது. சொல்லின்மேல் என்பதைவிட, அதை ஊர் பாவித்த விதத்தின்மேல் என்பதே சரி.

எதிர்க்கரையில் வெடிச்சத்தம் கேட்கும் நாள்களில் இராணுவம் துறையை மூடிவிடும். உயிர் போகுமளவுக்கு இரத்தம் இழக்கும் நோயாளரை மட்டும் மறிக்காமல் விடவேண்டும் என்று வைத்தியர்கள் மன்றாடி, ஒரு விதிவிலக்கு வாங்கியிருந்தார்கள். காவலரணில் இருந்த கோப்ரலுக்கு அந்த நோயின் ஆங்கிலப் பெயர் மட்டும் மனப்பாடம். நாளடைவில் ஊருக்கும் அது மனப்பாடமாயிற்று. பல்வலிக்காரன் ஹெமரேஜ் என்றான். மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் ஹெமரேஜ் என்றான். மணப்பெண்ணுக்குச் சேலை எடுக்கக் காத்தான்குடிக்குப் போன ஒரு குடும்பம் முழுவதற்கும் ஒரே நாளில் ஹெமரேஜ் கண்டது.

நல்லரத்தினம் பொறுக்கமாட்டாமல் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூட்டி விளக்கம் சொன்னார். “கசிந்தால் அது கசிவு. ஒழுகினால் அது ஒழுக்கு. குழாய் உடைந்ததுபோல், கட்டுக்கடங்காமல் குருதி நாளத்தை விட்டுப் போனால் மட்டுமே குருதிப்பெருக்கு. வெளியே கொட்டினாலும் அதுதான். வயிற்றுக்குள்ளோ தலைக்குள்ளோ கண்ணுக்குத் தெரியாமல் பெருகினாலும் அதுதான். பின்னது இன்னும் கொடியது. ஒரு சொல்லைப் பொய்க்குப் பழக்கினால், மெய்யான தேவைக்கு அது உதவாது.”

அந்தச் சொல்லுக்காக அவர் இவ்வளவு வாதாடியதற்குக் காரணம் ஊருக்குத் தெரியும். அவருடைய ஒரே தங்கை சின்னத்தங்கம் பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் இழந்து இறந்தவள். அவளை வைத்தியசாலைக்குக் கொண்டோடியவன் தம்பி கனகசிங்கம். நல்லரத்தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த செய்தி, “தங்கச்சிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்,” என்பதே. பெண்களின் உடம்பில் நேர்வதை ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஊர் அது. தனக்கே இப்படிச் சொல்லியனுப்பியவன் வைத்தியரிடமும் இப்படித்தான் மென்று விழுங்கியிருப்பான் என்று அவர் முடிவு கட்டினார்.

“ஆஸ்பத்திரியில என்னெண்டு சொன்ன நீ?” என்று செத்த வீட்டில், எல்லார் முன்னிலையிலும் கேட்டார். “சுகமில்லை எண்டுதானே?”

கனகசிங்கம் நிலத்தைப் பார்த்தபடி, “ஓம்,” என்றான்.

“ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்லியிருந்தா அவள் இருந்திருப்பாள்.”

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு அறுந்தது. நல்லரத்தினம் ஓய்வுபெற்று, மனைவி ஆச்சிப்பிள்ளையின் ஊரான மேற்குக் கரையில் தங்கிவிட்டார். தம்பி பட்டணத்திலேயே இருந்தான். இடையில் ஒரு வாவிதான். ஆனாலும் ஒருவரையொருவர் எட்டிப் பார்க்கவில்லை. இப்பொழுது தம்பி மனைவியோடு கனடாவுக்குப் போகிறான் என்றும், கொழும்புக்குப் போகும் வான் வண்டி அன்று பின்னேரம் புறப்படுகிறது என்றும் மீன் விற்க வந்தவர்கள் சொன்னார்கள். நல்லரத்தினம் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. போகிறவன் திரும்பிவரும் காலமா இது?

“அவனை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்,” என்றார் மனைவியிடம். அதற்கான வாக்கியத்தையும் வழியிலேயே அமைத்துக்கொண்டார். எழுவாய் முதல் பயனிலை வரை அதில் பிழை இல்லை.

பூட்டிக் கிடந்த துறைதான் பிழை.

“கூட்டம் வச்சுப் படிப்பிச்ச ஆளும் நீங்கதான்; இண்டைக்குச் சோதினை எழுதுற ஆளும் நீங்கதான்,” என்று சாமித்தம்பி சிரித்தான். “ஏறுங்க சேர். கன நேரம் நிண்டாக் காத்து மாறிரும்.”

ஆச்சிப்பிள்ளை தன் கொட்டப்பெட்டியைத் திறந்து வெற்றிலையை எடுத்தாள். “இஞ்சருங்க, ரெண்டு வாய் போட்டுச் சால்வையில துப்புங்க. நல்லாச் செவக்கும்.”

“அது மோசடி.”

“அப்ப சும்மா வாயால சொல்லுறது என்ன?”

நல்லரத்தினம் நெடுநேரம் யோசித்தார். இல்லாத இரத்தத்தைக் காட்டுவது அவருக்கு இரட்டைப் பொய்யாகப் பட்டது. காட்டத் தேவையில்லாத குருதிப்பெருக்கும் உண்டு என்று அவரே அல்லவா மண்டபத்தில் விளக்கியிருந்தார்? ஒரு பொய்யோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற நிம்மதியோடு தோணியில் ஏறினார்.

எதிர்க்கரை நெருங்கியதும் கோப்ரல் துவக்கை உயர்த்தி, “இண்டைக்கு இல்ல. திரும்பிப் போ,” என்று கத்தினான்.

“ஹெமரேஜ்,” என்றார் நல்லரத்தினம். வாழ்நாளில் முதன்முறையாக அந்தச் சொல்லைப் பிழையாகப் பாவித்த குற்றவுணர்வில் அவருடைய குரல் நடுங்கிற்று. அந்த நடுக்கம் மிகப் பொருத்தமாய் அமைந்துவிட்டது.

“ரத்தம் எங்க, மாஸ்டர்?”

“உள்ளுக்குள்.”

கோப்ரலின் முகம் மாறியது. இந்தத் துறையில் அவன் பார்த்த ஹெமரேஜ்காரர் அனைவரும் சிவந்த துணியோடு வந்து, அதைக் காட்டிவிட்டு நடந்து போனவர்கள். துணியில்லாமல், தலை கவிழ்ந்து, கண்கலங்கி வந்த முதல் ஆள் இவர். அவன் வோக்கியை எடுத்துச் சிங்களத்தில் அவசரமாகப் பேசினான். இரண்டு சிப்பாய்கள் பலகையொன்றோடு ஓடிவந்தார்கள்.

“நான் நடப்பேன்,” என்றார் நல்லரத்தினம்.

“நடக்க வேணாம். நடந்தா செத்துப் போறது.”

போதாக்குறைக்கு ஆச்சிப்பிள்ளை, தன் பங்குக்கு ஏதேனும் செய்ய வேண்டுமென்று எண்ணி, தலையிலடித்துப் பெருங்குரலில் அழத் தொடங்கினாள்.

“பறையாம இரி,” என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“விடுவாங்களெண்டுதான் அழுறன்.”

“விட்டாயிற்று. நிறுத்து.”

அவள் நிறுத்தினாள். ஆனால், அழுகை சட்டென்று நின்றதைக் கண்ட துறையடி மீன்காரப் பெண்கள், அவர் போய்விட்டார் என்று கருதி, அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். அம்புலன்ஸ் வந்தபோது சாமித்தம்பிகூடச் சற்றுக் கலங்கித்தான் நின்றான்.

வழியில் இறங்கித் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பும் பலிக்கவில்லை. கோப்ரல் ஒரு சிப்பாயைக் காவலுக்கு அனுப்பியிருந்தான். அவன் வழி நெடுகிலும் மாஸ்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். அன்பினால் பிடித்தானா, ஐயத்தினால் பிடித்தானா என்று தெரியவில்லை.

வைத்தியசாலையில் தாதி ஸஹீதா குனிந்து பார்த்தாள். “எங்க சேர் நோகுது?”

“நோகவில்லை.”

“நோவே இல்லையா?” அவள் புருவத்தைச் சுருக்கினாள். “தலை சுத்துதா?”

“காலையில் சாப்பிடாதபடியால் சற்றுச் சுற்றுகிறது.”

“சாப்பாடும் இறங்கல்ல,” என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அவர் சொன்ன ஒவ்வொரு மெய்யும் நோயைக் கூட்டிற்று. நாடி பார்த்தார்கள், அது பயத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்தார்கள், அது வாவிக் காற்றில் குளிர்ந்து போயிருந்தது. வயிற்றை அமுக்கினார்கள், அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

பிறகு ஒருத்தி இரத்தப் போத்தலைக் கொண்டுவந்தாள். அதைக் கண்டதும் நல்லரத்தினம் எழுந்து உட்கார்ந்தார். ஒரு போத்தல் இரத்தத்துக்காகச் சனங்கள் வரிசையில் நிற்கும் காலம். பொய்யின் விலை அப்பொழுதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

“மகள், அதைத் தொடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. நான் பொய் சொன்னேன். எனக்குக் குருதிப்பெருக்கு என்பது சொற்பிழை மட்டுமன்று, பொருட்பிழையும் ஆகும்.”

ஸஹீதா இரக்கத்தோடு அவரைப் படுக்க வைத்தாள். “ரத்தம் குறைஞ்சா முதல்ல புத்திதான் தடுமாறும். பாருங்க, இலக்கணம் பறையிறார். பெரிய டொக்டரக் கூப்பிடுங்க.”

“நான் எப்பொழுதும் இப்படித்தான் பேசுவேன்.”

“ஓம் சேர், ஓம்.”

சிப்பாய் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டான். ஊசி கைக்கு அருகில் வந்த வேளையில் விறாந்தையில் யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது.

வந்தவன் கனகசிங்கம். அவனுக்குப் பின்னால், பயணத்துக்கு உடுத்த புதுச்சேலையோடு, அவன் மனைவி புஸ்பம். தம்பியின் தலை நரைத்துவிட்டிருந்தது. சட்டைக் கை மடித்திருக்க, முழங்கையின் உள்மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

மாஸ்டரின் சாவுச் செய்தி துறையிலிருந்து பட்டணத்துக்குள் போய், அங்கே சிறிது குணமாகி, ‘சாகப் போகிறார்’ என்ற அளவில் தம்பியின் வாசலை அடைந்திருந்தது. எடுக்கும் இரத்தத்துக்கு ஈடாக உறவினர் இரத்தம் வைக்க வேண்டும் என்பது வைத்தியசாலையின் வழக்கம். அண்ணனின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவன் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

“வான்?” என்றார் நல்லரத்தினம்.

“போயிற்று. அத விடுங்க அண்ணன். எங்க, என்ன செய்யுது?”

“எனக்கு ஒன்றுமே இல்லை, தம்பி. உன்னைப் பார்க்க வரவேண்டும் என்று பொய் சொன்னேன். இவர்கள் நம்புகிறார்கள் இல்லை.”

கனகசிங்கம் தாதியின் பக்கம் திரும்பினான். “மிஸ்ஸி, போத்தல எடுங்க. அவர் இல்லையெண்டா இல்லதான். என்ட அண்ணன் பொய் சொல்லமாட்டார்.”

“இப்ப சொன்னன் எண்டுதானே சொல்லுறார்,” என்றாள் ஸஹீதா.

“அதுவும் உண்மையாத்தான் இரிக்கும்.”

வைத்தியர் வந்து, பார்த்து, ஏசி, போனார். காவல் சிப்பாய் நெடுநேரம் சிரித்தான். பின்பு கோப்ரலுக்கு இதைச் சொல்வதில்லை என்று தானாகவே ஒப்புக்கொண்டான். போத்தல் பிள்ளைப்பேற்று வாட்டுக்குப் போயிற்று. அங்கே ஒருத்திக்கு அது மெய்யாகவே தேவைப்பட்டிருந்தது.

நால்வரும் விறாந்தை வாங்கில் அமர்ந்தார்கள். ஆச்சிப்பிள்ளை வெற்றிலையை இப்பொழுது உரிய காரியத்துக்குப் பாவித்துக்கொண்டிருந்தாள். தம்பி பஞ்சை அமுக்கியபடி வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வான் எப்போது, அதில் இடம் கிடைக்குமா, எதுவும் தெரியாது. அவ்வளவையும் இழந்துவிட்டு, ஒரு சொல்லும் குறை சொல்லாமல் இருக்கிறவனைப் பார்க்கப் பார்க்க நல்லரத்தினம் வீணாய்ப்போன ஆண்டுகளை எண்ணினார். தங்கையை எண்ணினார். வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, அமைத்து வைத்திருந்த வாக்கியத்தை ஒரு சீரும் சிதையாமல் சொன்னார்:

“தம்பி, நமது தங்கையின் இறுதி நாளில், உரிய சொல்லை உரிய இடத்தில் சொல்லாது விட்ட உனது பிழையை, நான் இன்று முழுமனத்தோடு மன்னித்துவிட்டேன்.”

கனகசிங்கம் முன்புபோலவே நிலத்தைப் பார்த்தபடி, “ஓம் அண்ணன்,” என்றான்.

புஸ்பம் விருட்டென்று எழுந்தாள். கணவன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, “பறையாத, புள்ள,” என்று கெஞ்சினான். அவள் கையை உதறிவிட்டு நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

“அண்டைக்கு இவர் அந்தச் சொல்லக் கத்திக்கொண்டுதான் இந்த வாசலால ஓடினவர், அத்தான். சொல்லு இரிந்திச்சு, ரத்தந்தான் இரிக்கல்ல. இவர்ர ரத்தம் அவளுக்குப் பொருந்தல்ல, உங்கட ரத்தத்தப் பாப்பம் எண்டு டொக்டர் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக்கு ஆள் விட்டது. பாடம் முடிச்சிற்று வாறன் எண்டு நீங்க சொல்லி அனுப்பினத, உங்களுக்குத் தாங்க ஏலாது எண்டு இவ்வளவு காலமும் என்ட வாயையும் பொத்தி வச்சிரிந்தவர் இவர்.”