பொன்னாடை வாங்கிய குற்றம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நாகேந்திரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கோகிலாவின் புருஷன் கூத்தையா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் மாடும் கன்றும் களத்தில் காயும் மிளகாயும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் முழங்காலும் நலமா?

நலம் என்பது மரியாதைக்கு எழுதியது. மனசு நலமில்லை மச்சான். இராமேஸ்வரத்தில் நடந்த கல்லூரி விவாதப் போட்டியில், தங்கள் மருமகள், என் மகள் சிநேகாவுக்குத் தகுதி இல்லை என்று நீக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் இராமநாதபுரத்தில் இறுதிச் சுற்று. அவளுக்கு இது கடைசி வருஷம். இதை விட்டால் மாணவர் மேடையே அவளுக்குக் கிடையாது.

துணைக்கு நானும் போயிருந்தேன். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போதே எனக்குக் கண் சொருகிவிட்டது. இரண்டு பக்கமும் கடல், ஜன்னல் வழியே காற்று, மனுஷன் என்ன செய்வான்? போட்டி நடந்த ஹாலிலும் ஜன்னலோர நாற்காலி. சிநேகா பேச ஆரம்பித்தாள். நான் தூங்கவில்லை மச்சான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க அவள் தண்ணீர்மேல் நின்று பேசுகிறாள், படகெல்லாம் வரிசையாக வந்து உட்காருகிறது, நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறவர் மணியை மடியில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்கிறார், நம்ம மிளகாய்க் களம் கடலுக்குள் சிவப்பாக விரிந்து கிடக்க அதன்மேல் கப்பைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறாள். அந்த நேரம் பார்த்து யாரோ தோளைத் தட்டினார்கள். பார்த்தால் சிநேகா.

"அய்யா, எந்திரிங்க. ஊருக்குப் போவம்."

"கப்பு எங்கன ஆத்தா?"

"மேடையில பேசிப் பொன்னாடை வாங்குனவங்க தொழில் பேச்சாளராம். மாணவர் போட்டியில பேசக் கூடாதாம்."

இது நியாயமா? நம் ஊர் முளைப்பாரித் திருவிழாவில் மேடை ஏறியவர் பொன்னாடை இல்லாமல் இறங்கியதுண்டா? பட்டிமன்றத்தில் பேசினாள், போர்த்தினார்கள். மைக் வயரைச் சரிபண்ண ஏறிய அய்யப்பனுக்கும்தான் போர்த்தினார்கள். பெண்டாட்டியிடமே வாய் திறக்காத அவன் தொழில் பேச்சாளரா? ஓரமாக நின்ற கிடாய்க்குக்கூட மாலை போட்டார்கள், அது வேறு விஷயம்.

கோள் சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். எதிரணியில் பேசிய திருப்பாலைக்குடிப் பெண் மாஷிதா. நாங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பொறாமை அப்படித்தான் சிவக்கும். நடுவர் குழுத் தலைவர் தங்களுக்குப் பழக்கமாயிற்றே. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை அடுத்த வாரம் மேடை ஏறிவிடுவாள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. இராமநாதசாமி தங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
கூத்தையா

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிழை திருத்தச் சொல்லி சிநேகாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தூங்கி எந்திரிச்சுட்டுக் கதை எழுதுறீகளா அய்யா?"

கோள் சொன்னது மாஷிதா இல்லையாம். முதலில் நீக்கப்பட்டதே அவள்தானாம். ஊரில் மீலாது விழாவில் பேசிப் பொன்னாடை வாங்கிய படத்தை யாரோ போனில் காட்டிவிட்டார்களாம். அவள் அழுதுகொண்டே இறங்கியிருக்கிறாள். உடனே நம்ம பிள்ளை எழுந்து, "நானும் வாங்கிருக்கேன் சார், என்னையும் எடுத்துருங்க" என்றிருக்கிறாள்.

"ஒருத்தருக்கும் தெரியாதே, சும்மா இருந்திருக்கலாமே ஆத்தா?" என்றேன்.

"சும்மா இருந்துட்டு, மேடையில ஏறி நியாயத்தப் பத்தி என்னத்தப் பேச?"

எனக்குத் தூக்கம் அப்போதுதான் முழுசாகத் தெளிந்தது மச்சான்.

ஆகவே தலைவரிடம் தாங்கள் பேச வேண்டாம். பேசினால் தங்கள் மேலேயே புகார் கொடுப்பாளாம். அந்த விதியை மாற்றச் சொல்லி அவளும் மாஷிதாவும் சேர்ந்து நடுவர் குழுவிடம் பேசப் போகிறார்கள், பின்னால் வரும் பிள்ளைகளுக்காக. நானும் போகிறேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு கேட்பேன். வேறு வேலையும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அங்கேயே போர்த்த தங்கள் தங்கை புதுப் பொன்னாடை இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள், அதை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும்.