தள்ளி விழுந்த ஒரு ரூபாய்

அன்புள்ள விஜயராணி அத்தைக்கு, வேல்விழி வணங்கி எழுதுவது. திருப்பூரில் நானும் அம்மாவும் சுகம். தாராபுரத்தில் நீங்களும் உங்கள் முட்டியும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். போனில் எனக்கு ‘ம்’ என்பதற்கு மேல் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

தரம் பிரித்துப் பார்க்கச் சொல்லி நீங்கள் கொடுத்துப் போன பழங்காசு டப்பாவில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ரூபாய்க் காசின் ஓரம். ஒரு பக்கம் பிறை மாதிரி வெறுமையாக இருந்தது. எதிர் ஓரத்தில் சிங்கத்தின் காது வெட்டுப்பட்டிருந்தது. எங்கள் கம்பெனியில் பனியனில் பிரிண்ட் இப்படித் தள்ளி விழுந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ரிஜெக்ட்தான். அதைத் தனியே வைத்துவிட்டு, மற்ற காசுகளைச் செக்கிங் டேபிளில் பனியனைப் பார்ப்பது போலவே பார்த்தேன். எங்கே தேய்மானம், எங்கே கீறல், எங்கே விளிம்பு நசுங்கியிருக்கிறது என்று தேடி, அங்கங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். ராஜா தலை போட்ட செப்புக் காசில் கிரீடம், மூக்கு, தாடி எல்லாமே தேய்ந்திருந்ததால் கடைசியில் ராஜாவே தெரியவில்லை. சரியாகப் பிரித்தால் உங்கள் பழங்காசுக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆட்களைப் பார்க்காமல் காசைப் பார்க்கிற வேலை, எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும், ஒரு பழுதையும் விட்டுவிடக் கூடாது என்று ஒட்டினேன், ஒட்டினேன், ஸ்டிக்கர் ரோலே தீர்ந்துவிட்டது.

ரிஜெக்ட் பீஸைக் கம்பெனியில் எப்படியாவது வெளியே தள்ளிவிடுவார்கள். நானும் அந்த ஒரு ரூபாயை டீக்கடையில் மற்ற சில்லறையோடு சேர்த்துத் தள்ளினேன். கடைக்கார ஆறுச்சாமி அண்ணன் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார்.

“ஏனுங் கண்ணு, இதென்ன எலி கடிச்ச காசா? தள்ளியுட என்ற கடதான் கெடச்சுதுங்களா? வேற குடுங்க.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. காசைப் பிடுங்கிக்கொண்டு, டீயை விட்டுவிட்டு ஓடிவந்தேன். அவர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு வாங்கிப் போட்டிருந்தால் என் கதி என்ன? அவருக்கும் ஒரு கும்பிடு.

நேற்று வீடியோ காலில் டப்பாவைக் காட்டியபோது நீங்கள் சிரித்த சிரிப்புக்கு அடுத்த ரூம் இந்திக்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

“அடியே, ராஜாவ அம்புப் படுக்கையில கெடத்திட்டியேடி! அது சரி, கையில என்ன?”

“ரிஜெக்ட், அத்தை.”

“கிட்டக் காட்டு. எம்மா! அச்சடிக்கையிலயே தள்ளி விழுந்தது. அச்சடிச்சவுக கண்ணுக்கும் தப்பி வந்துருக்கு. பழங்காசு சேக்குறவுக இதத்தான் தேடி அலையுதாக. டப்பாவுலயே ஒசத்தி இதுதான்!”

கம்பெனியில் பழுதை விட்டால் சூப்பர்வைசர் திட்டுவார். கண்டுபிடித்தால் தைத்தவர் முறைப்பார். கண்டுபிடித்ததற்காக ஒருவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. “கண்ணு நல்லாருக்கு ஒனக்கு. வெலைய நான் சொல்லித்தாரேன். திங்கக்கிழம வந்துரு” என்றீர்கள். நான் ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’முக்குள் எவ்வளவோ நன்றி இருந்தது அத்தை. எட்டாவதோடு நின்றவளை நம்பி ஒரு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கடை பெருகவும் முட்டி வலியில்லாமல் மடங்கவும் வேண்டிக்கொள்ளும்,
மருமகள் வேல்விழி.

பி.கு.: பழங்காசில் படிந்த கறுப்பைத் தேய்த்தால் மதிப்புப் போய்விடும் என்று நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். உறை ஒட்டப் பசை தேடிப் போனால், அம்மா டப்பாவோடு குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். “ஒனக்கு வேல குடுத்த மகராசிக்கு அழுக்குக் காசையா திருப்பிக் குடுக்கது? புளி போட்டு வெளக்கிட்டேன். பாரு, ராஜா இப்பத்தான் மூஞ்சி கழுவுனாப்ல இருக்காரு!” ஒன்றையும் விடவில்லை.

இதைத் தபாலில் போட மனம் வரவில்லை. டப்பாவோடு பஸ் ஏறி வந்து, உங்கள் கடை வாசலில் நின்று இந்த வரிகளை எழுதுகிறேன். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டேன்.