சவாசனத்தில் வணக்கம்

மரியாதை இல்லாத இடத்தில் மனிதனின் முதுகெலும்பு நிமிராது என்பது அன்சாக்ரோம் நகர நிர்வாகத்தின் உறுதியான கொள்கை. அதை நிலைநாட்டவே, கானாவின் கடற்கரையில் இருந்த அந்தச் சின்னத் துறைமுக ஊரில், ‘மரியாதை மற்றும் நன்னடத்தைப் பேணல் பிரிவு’ என்று ஓர் அலுவலகம் நடந்துவந்தது. அதற்கு ஓர் அதிகாரி இருந்தார், முத்திரை இருந்தது, ஓடாத மின்விசிறியும் இருந்தது. வேலைதான் இல்லை. ஊரில் எல்லாரும் ஏற்கெனவே மரியாதையாகவே இருந்து தொலைத்தார்கள்.

அந்தக் குறையை அராபா குவான்சாவின் யோகா கூடம் தீர்த்துவைத்தது.

துறைமுகச் சாலையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கூடம். அப்போது ஊரில் யோகா மோகம் உச்சத்தில் இருந்தது. வங்கியில் வேலைபார்க்கும் பெண்கள் மீன் வாங்கப் போகும்போதுகூடச் சுருட்டிய பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்கள். பாயை விரித்தவர்கள் குறைவு. அராபா சுவரில் ஒரே ஒரு விதியை எழுதிவைத்திருந்தாள்: ‘இங்கே அமைதி காப்பதே பிறருக்குச் செய்யும் மரியாதை.’

மோகத்துக்காக வராத ஒருத்தியும் இருந்தாள். தையல்காரி எஃபுவா. மெஷின் மேல் குனிந்து குனிந்து அவள் கழுத்து அப்படியே நின்றுபோயிருந்தது. அளவெடுக்கும்போது வாடிக்கையாளரின் முகம் தெரியாது, வயிறுதான் தெரியும். அராபாவிடம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மார்பு தெரிந்தது, தாடை தெரிந்தது. கண்கள் தெரிவதற்கு இன்னும் சில வாரங்கள் போதும் என்ற நிலையில்தான் ஓபான்யின் டாட்ஸி படியேறி வந்தார்.

டாட்ஸி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர். ஊரே அவரை ‘எக்யா’ என்று, அதாவது அப்பா என்று அழைக்கும். அவர் வந்த நேரம் வகுப்பின் கடைசிக் கட்டம். எல்லாரும் கண்மூடி மல்லாந்து கிடந்தார்கள். நல்ல வளர்ப்பு வளர்ந்த மனிதர் என்ன செய்வாரோ அதை அவர் செய்தார். வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். யாரும் அசையவில்லை. கடைசியில் கிடந்தவள் எஃபுவா. அவளுக்குப் பெயர் வைத்த விழாவில் சாப்பிட்டவர் அவர்.

“எஃபுவா, வணக்கம்மா.”

எஃபுவா மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டாள்.

“எக்யா, அவங்க சவாசனத்துல இருக்காங்க” என்று அராபா ரகசியக் குரலில் சொன்னாள்.

“அப்படின்னா?”

“பிணம் மாதிரி கிடக்கணும்.”

“பிணத்துக்கு மரியாதை செய்ய ஒரு முறை இருக்கு. உயிரோட இருக்கிறவனுக்கு ஒரு முறை இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கிடக்கிறதுகளுக்கு நான் என்ன பண்றது?”

அவர் நேராக மரியாதைப் பிரிவுக்குப் போனார். அதிகாரி டர்க்சனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. எத்தனையோ வருடங்களில் முதல் புகார்! அன்று மதியமே கூடத்துக்கு வந்து உத்தரவைப் படித்தார்.

“வீட்டுக்கு வர்றவங்களை எப்படி வரவேற்போம், மாடம்?”

“நாற்காலி போடுவோம், தண்ணி குடுப்போம், அப்புறம் வந்த காரியம் என்னன்னு கேட்போம்.”

“இங்கே?”

“இங்கே எல்லாரும் முதுகை நிமிர்த்தத்தான் வர்றாங்க, பாஸ். கேக்கவே வேணாமே.”

“தெரிஞ்சாலும் கேக்கறதுக்குப் பேருதான் மரியாதை. மாசக் கடைசிக்குள்ள மரியாதைச் சான்று வாங்கலைன்னா கூடத்துக்குச் சீல் வெச்சிருவேன்.”

அராபா பணிந்தாள். மறுநாளிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் நாற்காலியும் தண்ணீரும் கொடுத்து, வந்த காரியம் கேட்கப்பட்டது. “இங்கே எல்லாம் சுகம், கெட்ட சேதி ஒண்ணும் இல்லை, முதுகை நிமிர்த்த வந்தேன்” என்று ஒவ்வொருவரும் முறைப்படி சொன்னார்கள். அடுத்த ஆள் வந்ததும் முன்னால் வந்தவர்கள் அனைவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். கடைசி ஆள் உட்காரும்போது முதலில் வந்தவர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மிச்ச நேரத்தில் யோகா நடந்தது.

பெரியவர்களுக்கு நேரடியாகக் கட்டளையிடக் கூடாது என்பதால், வங்கிப் பெண் ஒருத்தி இடைப்பேச்சாளராக நியமிக்கப்பட்டாள். “பெரியவர் முழங்காலை மடக்கணும்னு ஆசிரியை தாழ்மையோட கேட்டுக்கறாங்க” என்று அவள் அறிவிப்பாள். கூச்சமான உறுப்பின் பெயரைச் சொல்லுமுன் ‘செபே’ என்று மன்னிப்புக் கேட்பது ஊர் வழக்கம். எது கூச்சமான உறுப்பு என்பதில் அலுவலகம் ரிஸ்க் எடுக்க விரும்பவில்லை. ஆகவே அத்தனை உறுப்புக்கும் செபே.

“செபே, இடுப்பை உயர்த்துங்க. செபே, வலது கையை நீட்டுங்க. இப்ப, செபே, இடது...”

“இடதா?” கண்காணிக்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்த டர்க்சன் எழுந்தார். “இடது கையை நீட்டறது அவமரியாதைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“யாரையும் பார்த்து நீட்டலை, பாஸ். ஜன்னல் பக்கம்தான்.”

“ஜன்னலுக்கு வெளியே என்ன?”

“மீன் சந்தை.”

“அங்கே பெரியவங்க யாரும் இல்லையா?”

இருந்தார்கள். இடதுபக்கம் ரத்தானது. சில நாட்களில் வகுப்பு முழுவதும் வலதுபக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தது. அதையும் புதிய நாகரிகம் என்று நினைத்து, யோகாவுக்கே வராதவர்களும் சாய்ந்து நடந்தார்கள்.

எஃபுவா ஒருநாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஆன்ட்டி, முன்னாடி குனிஞ்சு துணியைப் பார்த்தேன். இப்ப குனிஞ்சபடியே பக்கத்து வீட்டைப் பாக்கறேன். இனிமே வரலை. கழுத்து இவ்வளவாவது மிஞ்சட்டும்.”

அராபா அவளை வழியனுப்பக் கீழே இறங்கி வந்தாள். அப்போது டாட்ஸி கையில் தண்ணீர்க் குவளையோடு பொதுக் கழிப்பறையை நோக்கி விரைந்துகொண்டிருந்தார். பழைய குற்றத்துக்குப் பரிகாரமாக எஃபுவா, “வணக்கம், எக்யா!” என்றாள்.

அவர் நிற்காமலே கத்தினார்: “அறிவிருக்கா? அங்கே போறவனுக்கு எவளாவது வணக்கம் சொல்லுவாளா? இது எந்த ஊர் மரியாதை?”

அராபா அங்கேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் கூடத்தின் வாசலுக்கு மேல் புதுப் பலகை ஏறியது. பச்சை எழுத்தில் ‘கழிப்பறை’ என்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் அனைவரும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். எஃபுவாவையும் அராபா கையைப் பிடித்து அழைத்துவந்தாள். வணக்கம் இல்லை, தண்ணீர் இல்லை, செபே இல்லை. இரண்டு கைகளும் நீண்டன.

டர்க்சன் வந்தார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அராபாவைச் சைகையால் படிக்குக் கீழே அழைத்தார்.

“மாடம், இது என்ன அக்கிரமம்?”

“பாஸ், அங்கே இருக்கிறவங்களை நிறுத்தி நலம் விசாரிக்கிறது மரியாதையா?”

“ரொம்பப் பெரிய அவமரியாதை.”

“அதைத்தான் நாங்க தவிர்க்கறோம்.”

டர்க்சன் படிக்கு மேலே எட்டிப் பார்த்தார். “உள்ளே நிஜமாவே ஒண்ணு இருக்கா?”

“பின்பக்கம் இருக்கு.”

“அப்ப பலகை பொய் இல்லை.” முத்திரை குத்தினார். சான்று கிடைத்துவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் ஊருக்கு நல்லது. டர்க்சன் அலுவலகத்துக்குத் திரும்பினார். வலதுபக்கமாகச் சாய்ந்து நடப்பவர்கள் தங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள்மேல் புகார் சொல்லக் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு வணக்கமும் நாற்காலியும் தண்ணீரும் தர வேண்டும். அவருக்கு மலைப்பாக இருந்தது. மறுநாள் மரியாதைப் பிரிவின் வாசலிலும் ‘கழிப்பறை’ என்ற பலகை தொங்கியது. வணக்கம் சொல்லாமல் காரியத்தைச் சொல்ல முடியாது, காரியத்தைச் சொல்லாமல் புகார் கொடுக்க முடியாது. நிலுவையே இல்லாத அலுவலகம் என்று நிர்வாகம் டர்க்சனைப் பாராட்டியது.

அதன்பின் நிலப்பதிவு அலுவலகமும் மின்சார அலுவலகமும் வங்கியின் கடன் பிரிவும் பலகை மாட்டின. உறவினர் தொல்லை தாங்காத நாகரிகக் குடும்பங்கள் வீட்டு வாசலிலும் மாட்டின. டாட்ஸி காலையில் ஊரைச் சுற்றிவந்து, சொல்லாத வணக்கங்களோடு வீடு திரும்பினார். சுகாதாரப் பிரிவோ பலகைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஊரில் தேவைக்கு மேல் கழிப்பறைகள் உள்ளன என்று முடிவுகட்டி, இருந்த ஒரே பொதுக் கழிப்பறையை மூடியது.

ஒரு மதியம் டாட்ஸி கென்கே என்னும் சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டார். மிளகாய்த் துவையல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பொதுக் கழிப்பறைக்கு ஓடினார், பூட்டு. பலகையைப் பார்த்து வங்கிக்குள் நுழைந்தார், உள்ளே மேலாளர் இருந்தார். நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா இருந்தார். மரியாதைப் பிரிவில் டர்க்சன் தூங்கிக்கொண்டிருந்தார். வயிற்றை வலது கையால் பிடித்துக்கொண்டு டயர் கடைப் படிகளில் ஏறினார்.

கூடத்தில் எல்லாரும் சவாசனத்தில் இருந்தார்கள். எஃபுவா கண்ணைத் திறந்தாள். நிமிர்ந்த கழுத்தோடு முதன்முதலாக அவர் முகத்தை முழுதாகப் பார்த்தாள். பாவம், இந்த மனிதருக்கு இப்போது யார் வணக்கம் சொல்கிறார்கள்? விதியை மீறி எழுந்தாள். மனசார வலது கையை நீட்டினாள்.

“வணக்கம், எக்யா! உக்காருங்க.”

டாட்ஸி நெளிந்தார். பேச முடியவில்லை. மிச்சமிருந்த இடது கையைப் பின்பக்கம் நோக்கி நீட்டிவிட்டு அவளைத் தாண்டி ஓடினார். கதவு சாத்திக்கொண்டது.

“பாத்தீங்களா ஆன்ட்டி? வணக்கத்துக்குப் பதில் இல்லை. இடது கையை வேற நீட்டிட்டுப் போறார். நான் புகார் குடுக்கப்போறேன்!”

“எங்கே குடுப்பே?”

எஃபுவா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். எதிர்ச்சாரி முழுக்கப் பச்சைப் பலகைகள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பரிதாபமாக ஒரு குரல் வந்தது. “யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா!”

எஃபுவா நல்ல வளர்ப்பு வளர்ந்தவள். குவளை நிறையத் தண்ணீர் எடுத்துவந்து, சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, முறை தவறாமல் கேட்டாள்:

“தண்ணி இருக்கு, எக்யா. வந்த காரியம் என்ன?”