தனி அறையில் தலைவி

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கை அன்போடு எழுதுவது. இங்கே நானும் என் பொறுப்பில் உள்ள பிராணிகளும் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

"மிருகங்களைக் கட்டிக்கொண்டு அழுதது போதும், எப்போது வருவாய்?" என்று கேட்டிருந்தீர்கள். உள்ளூர் ஆட்களே சரணாலயத்தை நடத்தத் தயாரானதும் வருகிறேன் என்று சொல்லி வந்தேன். தயாராகிவிட்டார்கள். எப்படித் தெரியும் என்றால், என்னையே பூட்டி வைத்துவிட்டார்கள்.

அன்று தலைமை அலுவலகத்து அதிகாரி வருகிற நாள். நம் ஆட்கள் தேறிவிட்டார்களா என்று அவர் பார்க்க வேண்டும். தேறவில்லை என்றால் வெளியாட்களைப் போட்டுவிடுவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சலில் கிடந்த குரங்கைப் பார்க்கலாமென்று, நோயுற்ற பிராணிகளை வைக்கும் தனி அறைக்குள் போனேன். கூண்டருகே குனிந்ததுதான் தாமதம், கம்பி வழியாகக் கை நீட்டி என் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டது. கையுறையோடு பிடுங்க வரவில்லை, கையுறையைக் கழற்றினேன், குரங்கு நன்றாக ஒரு கீறு கீறியது. சரியாக அந்த நேரம் பார்த்து நம் கண்டக்டரம்மா எட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவளை நான்தான் கூட்டி வந்து மிருகப் பராமரிப்புக்குப் பழக்கினேன். என் கையைப் பார்த்தாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"என்னம்மா பண்றே? அதிகாரி வர்ற நேரம்."

"கீறல் பட்டவங்க டாக்டர் பார்க்கற வரைக்கும் வெளியே வரக்கூடாது மேடம். நீங்க போட்ட சட்டம்."

"அது உங்களுக்குப் போட்டது."

"அப்படித் தனியா சொல்லலையே. சோப்பு போட்டுக் கழுவுங்க. வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க."

கெஞ்சினேன், அதட்டினேன், சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றேன். அசையவில்லை. முன்பு தையல்காரராக இருந்து இப்போது தீனி வைக்கிறவர், கூண்டுகளுக்குத் தள்ளுகிற தட்டிலேயே எனக்கும் சாப்பாட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினார். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கண்டக்டரம்மா கூண்டு கூண்டாகக் காட்டிக்கொண்டே வந்து என் ஜன்னல் முன்னால் நின்றாள். கண்ணாடி இல்லாமல் அவர் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டையாகத்தான் தெரிந்தார்.

"இவங்க எங்க தலைவி சார். காயத்தைக் கழுவியாச்சு, தண்ணி நல்லா குடிக்கறாங்க. கோபம்தான் இன்னும் இறங்கலை."

"பக்கத்துல போகலாமா?"

"வேண்டாம் சார். மெதுவாப் பேசுங்க, மிரண்டுடுவாங்க."

அதிகாரி வெகுநேரம் சிரித்துவிட்டு, "தலைவிக்கே கதவைத் திறக்காத ஆளுங்க வேற யாருக்குத் திறக்கப் போறாங்க? இவங்ககிட்டயே விட்டுடலாம்" என்றார். இனி கண்டக்டரம்மாதான் தலைவி. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை அண்ணா. ஆனால் பூட்டும்போது யாராவது ஒருத்தர் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். டாக்டர் வந்து ஊசி போடும்வரை அழுதுகொண்டிருந்தேன். பெருமையிலா, ஆத்திரத்திலா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே மூட்டை கட்டிவிட்டேன். மாடி அறையைக் கூட்டி வையுங்கள். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகள் தலையில் என் சார்பில் கை வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: அறையைக் கூட்ட வேண்டாம். கிளம்பட்டுமா என்று புதுத் தலைவியிடம் கேட்டேன். "அடுத்த வாரம் புது ஆளுங்க பயிற்சிக்கு வர்றாங்க. சொல்லித்தர நீங்க இருக்கணும் மேடம்" என்றாள். கெஞ்சுகிறாயா, உத்தரவு போடுகிறாயா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள். மூட்டையைப் பிரித்துவிட்டேன். அண்ணியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.