கணப்புக்குக் கண்ணாடிக் கதவு போட்ட விவரம்

பாசமுள்ள மச்சான் எர்மீனியோ அவர்களுக்கு, உங்கள் அக்காள் தியோலிந்தாவின் கணவன் அபீலியோ எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காளும், இரண்டு பன்றிகளில் இன்னும் வெட்டுப்படாத ஒன்றும் நலம். லக்சம்பர்க்கில் நீங்களும் மனைவி மக்களும் அந்த வெள்ளைக் காரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் ஊர் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது உங்கள் புதுக் கோட்டை மோந்து பார்த்து, "அக்கா, எத்தனை தடவை சலவைக்குப் போட்டாலும் இந்தப் புகை நாத்தம் போகாது. அடுத்த தடவை பிரகான்சாவுல ஓட்டல்ல தங்கிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். அவளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான் அல்லவா! கூடப் பிறந்த ஒரே தம்பி, பிறந்த வீடு குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது ஓட்டலில் போய்ப் படுப்பதா என்று அவள் அழுத அழுகையில் நான் சாப்பிட்ட சூப்பெல்லாம் உப்புக் கரித்தது. எப்பாடுபட்டாவது உங்களை இந்த வருஷம் இந்தக் கூரையின் கீழே படுக்கவைப்பது என்று முடிவுசெய்து, கணப்புக்குக் கண்ணாடிக் கதவு வாங்க நாங்கள் இரண்டு பேரும் மிரான்தேலாவுக்குப் பஸ் ஏறினோம்.

கதவு என்றால் கதவு என்று நினைத்துப் போனேன். கடையில் இருந்த பெண், ரெண்டு பக்கமும் திறக்கிறதா, மடிக்கிறதா, மேலே தூக்குகிறதா, கண்ணாடி தெளிவா, சாயம் போட்டதா, சட்டம் கறுப்பா, பித்தளையா என்று அடுக்கிக்கொண்டே போனாள். உங்கள் அக்காளைப் பெண் கேட்டு வந்த அன்று உங்கள் அப்பாகூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை. கரி தெரியாது என்று நான் கறுப்பைக் காட்டினேன். "கறுப்பா? சவப்பெட்டி மாதிரி இருக்கும். பித்தளைதான்" என்றாள் தியோலிந்தா. "பித்தளையை யார் தேய்க்கறதாம்?" என்றேன். "ஏன், உங்களுக்குக் கை இல்லையா?" என்றாள். பித்தளை முடிவாயிற்று. சாயம் போட்ட கண்ணாடியைப் பார்த்து, "நெருப்புக்கு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி, அதுக்கென்ன கண் வலியா?" என்று அவள் கேட்டதும் அந்தப் பெண் தெளிவான கண்ணாடி என்று எழுதிக்கொண்டாள்.

அப்புறம்தான் வந்தது வினை. "கணப்பு என்ன அகலம் ஐயா?" என்றாள். வீட்டிலேயே பார்த்துப் பார்த்து அளந்து வந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஐயா, இது கணப்பா, கார் நிறுத்தற இடமா?" என்றாள். "எங்க வீட்டுல அப்படித்தாம்மா" என்றேன். நீங்களே சொல்லுங்கள் மச்சான், நம் பக்கத்தில் கணப்பு என்றால் என்ன? நடுவில் நெருப்பு, அதற்கு இரண்டு பக்கமும் உட்காரப் பெஞ்சு, தலைக்கு மேலே கழிகளில் புகையில் தொங்கும் அல்யேரா தொத்திறைச்சி, அத்தனையையும் மூடிக்கொண்டு நிற்கும் புகைக்கூண்டு. அதைத்தான் அளந்தேன். நெருப்பு எரிகிற இடத்தை மட்டும் அவள் கேட்டாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அளவெடுத்துச் செய்த கதவோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். தியோலிந்தா பாட்டுக்குப் பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டியும் கோழியும் பூண்டும் அடைத்த புது அல்யேராக்களைக் கோலால் திருப்பிக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்து, சரியாக மூடுகிறதா என்று சாத்திப் பார்த்தார்கள். என்ன கச்சிதம்! ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. உங்கள் அக்காள் மட்டும் உள்ளே. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சுல்மீரா பூண்டு கேட்டு வந்தவள், பளபளவென்ற பித்தளைச் சட்டத்துக்குள், பின்னால் தணல் ஒளிர, கையில் கோலோடு ஒரு பெண் உருவத்தைக் கண்டு சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் ஆளைப் புரிந்து, "அடியே தியோலிந்தா! உனக்குப் பூ வைக்கவா, மெழுகுவத்தி ஏத்தவா?" என்றாள். உள்ளே வாய் அசைந்தது, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் அக்காள் பேசி என் காதில் விழாதது அதுதான் முதல் தடவை. கைப்பிடி எங்கே இருக்கிறது என்று நான் கொஞ்சம் நிதானமாகவே தேடினேன். வெளியே வந்தவள், "அல்யேரா போதாதுன்னு என்னையும் சேத்துப் புகை போடலாம்னு பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தாள். முழுவதையும் எழுதத் தபால்தலை போதாது.

ஆனாலும் உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டாள். பெஞ்சு உள்ளே மாட்டிக்கொண்டதால் நாற்காலி போட்டு வெளியே உட்காருகிறோம், யார் வீட்டு நெருப்பையோ வேடிக்கை பார்க்கிற மாதிரி. திரைச்சீலைகள் துவைத்தாயிற்று. வீட்டில் புகை வாசம் மருந்துக்கும் இல்லை. "போனாப் போகுது, தம்பி கோட்டு நாறாது" என்று தினமும் கண்ணாடியைத் துடைக்கிறாள். ஆகவே ஓட்டல் பேச்சை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வாருங்கள். உங்கள் கட்டிலில் கம்பளி விரித்தாயிற்று. குழந்தைகளுக்கு முத்தம், மனைவிக்கு எங்கள் அன்பு, உங்களுக்கு எல்லா நலமும் மாதா தருவாளாக.

இப்படிக்கு,
அபீலியோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஒரு விறகு வைக்கலாம் என்று கதவைத் திறந்த தியோலிந்தா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ப் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். சுல்மீரா வந்து ஒட்டிக்கொண்டாள். கதவைச் சாத்த ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு கதவும் சுவரோடு சுவராக விரியத் திறந்து கிடக்கின்றன. திறந்த கதவில் பித்தளை வெகு அழகு, நான்தான் தேய்க்கிறேன். புகை பழையபடி வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். "ஓட்டலுக்குப் போறதுன்னா போகட்டும். என் தம்பியைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார வெச்சு என்னால சாப்பாடு போட முடியாது" என்று உங்கள் அக்காள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்து, உங்கள் அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டை எடுத்துக் கணப்புப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். "வந்ததும் அவன் கோட்டைக் கழட்டிக் கார்லயே வெச்சுட்டு இதைப் போட்டுக்கட்டும். இதுல இருக்கறது எங்கப்பா உக்காந்த புகை. இதை நாத்தம்னு சொல்லட்டும், பாப்போம்."