மாமனார் இலையில் கை வைத்தேன்

வஞ்சிரத் துண்டைக் கல்லில் போடும்போது எழும் அந்தச் 'சுர்ர்' சத்தத்துக்கு ஊரில் எல்லோருக்கும் எச்சில் ஊறும். எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும். செத்துப்போனவருடைய சாப்பாட்டை நான் ஒருமுறை தின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு வீசிங். அம்பத்தூர் டாக்டர் பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதி, "பசி கொஞ்சம் கூடும்" என்றார். (கொஞ்சமாம்!) வயிறு காலியானால் கிரெலின் என்றொரு ஹார்மோன் கிளம்பி மூளையிடம் 'சோறு போடு' என்று கேட்குமாம். கொழுப்பிலிருந்து லெப்டின் என்று இன்னொன்று 'போதும்பா' என்று சொல்லுமாம். இரண்டையும் கேட்டு முடிவு பண்ணுவது மூளையின் அடியில் பாதாம் பருப்பளவில் உட்கார்ந்திருக்கும் ஹைப்போதலாமஸ். இந்த மாத்திரை போட்டால், 'போதும்' என்கிற குரல் அதன் காதில் சரியாக விழாது.

நான்காம் நாளே எனக்குள் வேறு யாரோ குடிவந்துவிட்டார். நான் தூங்கினால் அவர் விழித்திருந்தார். பன்னிரண்டு இட்லிக்குப் பிறகும் வயிறு பாழுங்கிணறாகக் கிடந்தது. கல் விழுந்த சத்தமே வரவில்லை.

ஏழாம் நாள் மாமனாரின் முதல் வருஷ நினைவு நாள். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். செல்வி என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டபோது, "உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்றார். சொன்னபடியே நனைக்காமல் போய்ச்சேர்ந்தார். அதனால்தான் படையலைத் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டில் போடவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வஞ்சிர வறுவல், முட்டை, வடை, பித்தளை டம்ளர் நிறையச் சுக்குக் காப்பி.

"இப்பவாவது என் வீட்ல சாப்பிடுவாரான்னு பார்க்கணுங்க."

கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர் வந்து சாப்பிடக் கால்மணி நேரம், யாரும் பார்க்கக்கூடாது. அந்த அறையை ஒட்டிய பாத்ரூமில் நான் இருந்தது யாருக்கும் தெரியாது. அறைக்குள் வந்தால், கதவுக்கு வெளித் தாழ்ப்பாள். உள்ளே நான், இலை, மாமனாரின் போட்டோ.

(பாத்ரூமிலிருந்து துணி துவைக்கிற இடத்துக்கு ஒரு பின்கதவு உண்டு. போயிருக்கலாம். ஞாபகம் வரவில்லை. சரி, வந்தது.)

ஒரே ஒரு வடை என்றுதான் குனிந்தேன். நீண்ட கை என்னுடையதாகத் தெரியவில்லை. நேராக எழுந்த ஊதுபத்திப் புகை, இலைக்கு எதிரே, ஒருவர் உட்கார்ந்தால் தோள் இருக்கும் உயரத்தில், ஒதுங்கி வளைந்தது. நான் மென்றேன். போட்டோவில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 'போதும்' என்ற குரலுக்காகக் காத்துக்கொண்டே முட்டையையும் முடித்தேன். முள் மட்டும் மிஞ்சியபோது தாழ்ப்பாள் அசைந்தது. பின்கதவு வழியாக ஓடினேன்.

சுற்றிக்கொண்டு வாசல் வழியாக நுழைந்தால், செல்வி டம்ளரை நெஞ்சோடு அணைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா வந்தாருங்க!"

அவள் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா மாமா, பேயறைஞ்சா மாரி கீறீங்க?"

நான் டம்ளரைத்தான் பார்த்தேன். சொட்டுக்கூட இல்லை. சத்தியமாக அதை நான் தொடவில்லை. சுக்கு வாசனையே எனக்கு ஆகாது. அந்தக் கணத்தில், ஏழு நாளில் முதல்முறையாக, எனக்குப் பசிக்கவில்லை.

மாத்திரை முடிந்தது, உள்ளே குடியிருந்தவரும் காலி செய்தார். ஆனால் செல்வி சந்தோஷமாக அப்பா பேச்சை எடுக்கும்போதெல்லாம் அந்த முள் என் தொண்டையில் குத்தியது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தேன். அடுத்த படையலன்று அடுப்படியில் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "மீசையெல்லாம் மசாலாவ அப்பிக்கினு வந்து நின்னீங்களே, அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் அழுதே?"

"காப்பிக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு இலை. "ரெண்டு பெருசுங்களுக்கும் படைச்சாச்சா?" என்று மச்சான் வருஷாவருஷம் கேட்டுச் சிரிப்பான். செல்வி சிரிக்கமாட்டாள். என்னை உள்ளே உட்காரவைத்து, டம்ளரை மாமனார் இலைப் பக்கம் தள்ளி வைத்து, கதவைச் சாத்துமுன் தாழ்ந்த குரலில் சொல்வாள்:

"சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க. நீங்க பார்த்தா அவரு கூச்சப்படுவாரு."