கேஸ் என் பேரில்தான்

இந்த வீட்டில் இனி என் பேச்சுதான் நடக்கும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். சனிக்கிழமை காலையில் ஜெயிலுக்குத் தயாராகிவிட்டேன்.

என் பெயர் நவநீதன். மாதனூரில் வீடு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. ஷூவுக்கு அடி ஒட்டுகிற லைனில் சூப்பர்வைசர். லைனில் நாற்பது பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். வீட்டில் மனைவி ஹேமலதா, மகள் சௌமியா என்று இரண்டே பேர். அங்கேதான் எடுபடுவதில்லை.

வெள்ளிக்கிழமை ஹேமா டீயைக் கொடுத்துவிட்டு, "நான் வேலைக்குப் போலாம்னு இருக்கேன்" என்றாள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"வாசப்படியத் தாண்டிப் பாரு, இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது" என்று கத்திவிட்டு பீரோவை ஓங்கி ஒரு குத்து விட்டேன். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைதான் வீங்கியது.

ஹேமா தைலத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் கம்பெனி லீவு. பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாக அவள் தன் அக்காவோடு போனில் பேசுவது கேட்டது.

"ஆமாக்கா, கேஸ் புக் பண்ணிட்டேன்."

பிரஷ் வாயிலேயே நின்றது.

"இன்னிக்கே வந்துடுவாங்களாம். ஆமா, அவரு பேர்லதான். நானா தூக்க முடியும்? வந்ததும் அவரைத் தூக்கச் சொல்லணும். ஒரு தடவ உள்ள போச்சுன்னா ரெண்டு மாசத்துக்கு எனக்கு நிம்மதிக்கா."

பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். உள்ளே தள்ளுவதுகூடப் பரவாயில்லை. 'போனாருன்னா' என்று சொல்லியிருக்கலாம். 'போச்சுன்னா' என்கிறாள். கட்டின புருஷனை அஃறிணையில் சேர்த்துவிட்டாள்.

கேஸ் என்ற வார்த்தை எனக்குப் புதிதல்ல. கம்பெனியில் ஷூ அடுக்கி அனுப்புகிற பெட்டி கேஸ். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அலறிக்கொண்டு போவது கேஸ். போனுக்கு மாட்டுகிற உறை கேஸ். ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறவனும் ஒரு மாதிரி கேஸ். ஆனால் நேற்றுதான் பொண்டாட்டியை மிரட்டிய ஒருவன் காதில் அது விழுந்தால் ஒரே அர்த்தம்தான். மகளிர் காவல் நிலையம். வீங்கின கையைப் பார்த்தேன். சாட்சியை நானே சுமந்துகொண்டிருந்தேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். அங்கே சர்தார் பாஷா பொறை ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எங்கள் கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். நிலத் தகராறில் தம்பியோடு பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர். எனக்குத் தெரிந்த ஒரே சட்ட நிபுணர்.

"இன்னா நவநீதா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"கேஸு, பாய்" என்றேன் மெல்ல.

"காலையிலயேவா? ராத்திரி இன்னா சாப்ட்ட?"

"ராத்திரி சாப்பிடவே இல்ல."

"அதான். வெறும் வயித்துல ஜாஸ்தியாவும். ஒரு சோடா குடி. தன்னால வெளிய போயிடும்."

"வெளிய போறதில்ல பாய். உள்ள போறது. ஹேமா எம் மேல கேஸ் குடுத்துட்டா."

அவர் பொறையை டீயில் நனைத்தபடியே விட்டுவிட்டார். அது கரைந்து மூழ்கியது. விஷயம் முழுவதையும் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பீரோவைக் குத்தினேன்னு நீ சொல்லுவ. ஸ்டேஷன்ல யாரு நம்புவாங்க? பீரோ வந்து சாட்சி சொல்லுமா?"

"இப்ப நான் இன்னா பண்றது?"

"தோஸ்த், சொந்தத் தம்பி போட்ட கேஸே எனக்கு அவ்ளோ பேஜாரா இருந்துச்சு. இது பொம்பளைங்க கேஸு. குடுத்தவங்களே வாபஸ் வாங்கினாத்தான் உண்டு. போலீஸ் வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போ. அந்தம்மா இன்னா கேட்டாலும் சரின்னு சொல்லு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. ஹேமா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்து ஆய்ந்தேன். இலையைக் கீழே போட்டுவிட்டுத் தண்டைப் பாத்திரத்தில் போட்டேன்.

"ஹேமா, நீ வேலைக்குப் போ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா?"

"சௌமியா மேல சத்தியமா. திங்கட்கிழமையே போ. அந்தக் கேஸை மட்டும் வேணாம்னு சொல்லிடு."

"எதுக்கு வேணாம்ங்கணும்? நானும் புள்ளையும் சோத்துக்கு இன்னா பண்றது?"

ஜீவனாம்சம் வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாள்.

"நான் இருக்கும்போது உங்களுக்குச் சோத்துக்கு இன்னா கம்மி?"

"நீங்க இருந்து? அடுப்பெரிய வேணாமா? அவங்க பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். நீங்க கொஞ்சம் ஒத்தாசையா இருந்தீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

அடம் பிடிக்காமல் ஜீப்பில் ஏறு என்கிறாள். எழுந்து போய் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, பிரஷ், பேஸ்ட் எல்லாவற்றையும் பையில் வைத்தேன். சௌமியா என்னைப் பார்த்து, "எந்த ஊருக்குப்பா?" என்று கேட்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். காக்கிச் சட்டை.

"நவநீதன் வீடு இதானே? கேஸ் உங்க பேர்லதானே?" என்றது குரல்.

ஓடி என்ன பயன்? கதவைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டினேன்.

"என் பேர்லதான் சார். நான் தகராறு எதுவும் பண்ண மாட்டேன்."

"அப்ப புடிங்க" என்றார் அவர். கையில் சில்லென்று இரும்பு பட்டது. விலங்கு இவ்வளவு கனமாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. கண்ணைத் திறந்தேன். சிவப்பாக, முழுசாக, ஒரு சிலிண்டர்.

"ஒருத்தராத் தூக்குவீங்களா?" என்று கேட்டார் கேஸ்காரர்.

தூக்கினேன். ஜெயிலுக்குப் போகவில்லை என்ற சந்தோஷத்தில் இரண்டு சிலிண்டரைக்கூடத் தூக்கியிருப்பேன். அடுப்படியில் இறக்கி வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சத்தியம் பண்ணியிருக்கிறேனே.

"ஹேமா, காலையில நான் சொன்னது..."

"அம்மா கிட்ட சொல்லிட்டேன். அக்காவுக்கு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு பிரிசில்லா கிட்டயும் சொல்லிட்டேன். அவங்க சர்ச்சுல பிரேயரே பண்ணிட்டு வரேன்னுட்டாங்க" என்றாள் அவள். "நீங்க எவ்ளோ நல்லவருன்னு எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம். இன்னா சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லபடியா போய்ட்டு வா."

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கம்பெனி பஸ்ஸில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். என் பின்னாலேயே ஹேமா ஏறினாள். கழுத்தில் எங்கள் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"இது எங்க கம்பெனி பஸ்ஸு" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மேனேஜர் அவளை நேராக என் லைனுக்கே கூட்டி வந்தார். "நவநீதன், இவங்கதான் புது செக்கர். இவங்க ஓகே பண்ணாத்தான் இனிமே உங்க லைன்லேர்ந்து ஷூ வெளிய போகும்."

நாற்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஹேமா முதல் ஷூவைக் கையில் எடுத்தாள். வளைத்தாள். அடி ஒட்டின ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். தள்ளி வைத்தாள். அடுத்ததையும் தள்ளி வைத்தாள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நான் இங்க இருக்கறது தெரிஞ்சும் உன்னை எப்படி இந்த லைனுக்கே எடுத்தாங்க?"

ஹேமா மூன்றாவது ஷூவைக் கையில் எடுத்தபடியே சொன்னாள்: "போன வாரம் இன்டர்வியூல கேட்டாங்க, உங்க வீட்டுக்காரர் வேலையில குத்தம் கண்டுபிடிக்க உங்களால முடியுமான்னு. கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தான் சார் பண்றேன்னேன். அனுபவம் இருக்குதுன்னு சூப்பர்வைசர் சம்பளம் போட்டுட்டாங்க."